இனி நாம ரெண்டு பேர்தான்!

பிள்ளைகளைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் முடித்துக் கொடுத்த பிறகு கணவனும் மனைவியும் மட்டுமே வாழப்போகும் ஆண்டுகள் நீண்டுகொண்டே போகின்றன. அந்த ஆண்டுகளுக்கான ஆயத்தத்தை முகூர்த்தத்துக்கு முன்பே தொடங்க முடியுமா?

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்ட கணவருக்கு வயது 89. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 82. ஆசிரியையாக இருந்தவர். 1963-ல் கல்யாணம், மூன்று பிள்ளைகள். 1984-ல் கணவருக்கு மெட்ராசுக்கு மாற்றல் வந்தது. மனைவி கூடப் போகவில்லை. அதுவரை எல்லோர் வீட்டையும் போல ஓடிக்கொண்டிருந்த குடும்பம் அங்கேதான் முறுக்கிக்கொண்டது. 1996-ல் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் கொடுத்தது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, கடைசியில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. விவாகரத்தானவள் என்ற பெயரோடு சாக விரும்பவில்லை என்று அந்த அம்மா சொன்னதை நீதிபதிகள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

அறுபது ஆண்டு மணவாழ்க்கை. அதில் பாதிக்கு மேல் பிரிவும் வழக்கும். வேலையில் மாற்றல் வந்தால் யார் யாரோடு போவது, பிள்ளைகள் படிப்புக்காக ஒருவர் ஓரிடத்தில் தங்க வேண்டி வந்தால் எத்தனை வருஷத்துக்கு என்றெல்லாம் 1963-ல் யாரும் மணமக்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றும் எத்தனை வீட்டில் கேட்கிறோம்? மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுக்கிறோம். பந்தியில் எத்தனை வகை இனிப்பு என்று மூன்று முறை உட்கார்ந்து பேசுகிறோம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ள ஒதுக்குவது மட்டும் மொட்டை மாடியில் கால் மணி நேரம்.

இந்தக் கால் மணி நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, பேச வேண்டியதைப் பேச வைப்பதுதான் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை. கல்யாணம் நடக்குமுன் கொடுக்கும் ஆலோசனை, 25 வருஷம் கழித்துப் பிள்ளைகள் வெளியே போன வீட்டில் எப்படி உதவும் என்று கேட்கலாம். உதவுகிறது. எந்த வழியாக என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கால் நூற்றாண்டுக் கணக்கு

27 வயதில் கல்யாணம் செய்துகொள்ளும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முப்பதை ஒட்டி ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. கடைசிப் பிள்ளை ப்ளஸ் டூ முடித்து வெளியூர்க் கல்லூரிக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் கொண்டுபோய் விடும் குடும்பங்களுக்கு இது இன்னும் சீக்கிரம். அதற்கப்புறம் பெங்களூரு, பிறகு டல்லாஸோ சிட்னியோ.

எழுபத்தைந்து வயது வரை வாழ்ந்தாலே, இருவர் மட்டும் இருக்கும் காலம் கால் நூற்றாண்டு. பிள்ளை வளர்த்த காலம் அதைவிடக் குறைவு. நம் தாத்தா பாட்டிக்கு இப்படி ஒரு கட்டம் அநேகமாக இருந்ததே இல்லை. கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆவதற்குள் மூத்த பிள்ளையின் குழந்தைகள் திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கும். வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். கணவனும் மனைவியும் முகம் பார்த்துப் பேசித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்ததில்லை.

தொல்காப்பியத்தின் கற்பியல், தம்பதியின் பிற்கால வாழ்க்கைக்கும் ஒரு நூற்பா ஒதுக்கியிருக்கிறது. இன்பம் நிறைந்து ஓய்ந்த வயதில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி நல்லதைப் பழகுவதே கடந்துபோன வாழ்க்கையின் பயன் என்பது அதன் கருத்து. அந்த நூற்பாவில் பிள்ளைகள் சூழ இருக்கிறார்கள். இன்றைய தம்பதிக்கு நல்லதைப் பழகும் வேலை அப்படியே இருக்கிறது. சூழ இருந்தவர்கள்தான் இல்லை.

‘பேசினாளா?’ ‘பேசினா.’

காலை ஏழு மணிக்கு அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் இருந்து வீடியோ கால். அங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். பேரன் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டானா என்று விசாரித்து, ‘அப்பாகிட்ட குடுக்கறேன்’ என்று போன் கைமாறுகிறது. அணைத்த பிறகு வீடு சத்தமில்லாமல் ஆகிவிடும். அன்றைக்கு இருவரும் பேசிக்கொள்வது மாத்திரை, பால் பாக்கெட், கரன்ட் பில். சாயந்திரம் வாக்கிங் போய்வரும் கணவர் கேட்பார்: “பொண்ணு பேசினாளா?” “பேசினா.” முடிந்தது.

சண்டை இல்லாத வீடுதான் இது. வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மகளுக்குப் பிரசவம் என்றதும் அம்மா ஆறு மாதம் அமெரிக்கா போகிறார். அப்பா மெஸ்ஸில் கேரியர் எடுத்துக்கொள்கிறார். திரும்பி வந்ததும் மருமகளுக்குப் பிரசவம் என்று அடுத்த பயணம். இப்படிப் போனதில், பிரிந்திருப்பதே வசதியாக இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றிவிடும் வீடுகளும் உண்டு. கோர்ட் படி ஏறாமலேயே அம்மா மூத்த மகன் வீட்டிலும் அப்பா சொந்த ஊரிலுமாகப் பிரிந்து வாழ்பவர்கள் எந்த விவாகரத்துக் கணக்கிலும் வருவதில்லை.

நம் ஊர்த் திருமணங்களின் நடைமுறை இதற்கு ஒரு காரணம். தாலி கட்டி மூன்று மாதத்தில் ‘விசேஷம் ஏதாவது உண்டா?’ என்ற கேள்வி தொடங்கிவிடும். ஒருவரை ஒருவர் முழுசாகத் தெரிந்துகொள்வதற்குள் அப்பா, அம்மா ஆகிவிடுகிறார்கள். பிறகு தடுப்பூசி, எல்.கே.ஜி. அட்மிஷன், ட்யூஷன், நீட் கோச்சிங் என்று இருபது வருஷம் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். பொறுப்பானவர்கள், நம்பகமானவர்கள், ஒருவர் கஷ்டத்தை மற்றவர் அறிந்தவர்கள்தான். ஆனால் பிள்ளை சம்பந்தப்படாத ஒரு விஷயத்தை அரைமணி நேரம் பேசும் பழக்கம் மட்டும் அவர்களுக்கு அமைந்திருக்காது.

பழி பிள்ளைகள் மேல் இல்லை

அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் விவாகரத்துக்கு ‘க்ரே டைவர்ஸ்’ என்று பெயர். பௌலிங் க்ரீன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் பிரவுன், ஐ-ஃபென் லின் ஆகிய இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பேசுபொருள் ஆக்கியது. 1990-க்கும் 2010-க்கும் இடையில் அந்த வயதினரின் விவாகரத்து விகிதம் இரட்டிப்பாகியிருந்தது. 2010-ல் விவாகரத்து ஆனவர்களில் நான்கில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். ஜப்பானில் 2007 ஏப்ரலில், விவாகரத்தின்போது கணவரின் ஓய்வூதியத்தில் மனைவியும் பங்கு பெற வழிசெய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போவதும் கணவர் ஓய்வு பெறுவதும்தான் இந்தப் பிரிவுகளுக்குக் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே ஆய்வாளர்கள் 2018-ல் இதைச் சோதித்துப் பார்த்தபோது வேறு முடிவு வந்தது. பிள்ளைகள் வெளியேறியது, ஓய்வு பெற்றது, நீண்டகால நோய் வந்தது ஆகிய எதற்கும் ஐம்பதுக்குப் பிந்தைய விவாகரத்தோடு தொடர்பு தெரியவில்லை. தொடர்பு காட்டியவை வேறு: எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், அந்த வாழ்க்கை எப்படி இருந்தது, கையில் எவ்வளவு பணம் இருந்தது.

அதற்கு முன்பே, 2008-ல், கலிபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியில் படித்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை 43 வயதில் இருந்து 61 வயது வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பிள்ளைகள் வெளியே போன பிறகு அவர்களுடைய மணவாழ்க்கையில் நிறைவு கூடியிருந்தது. கணவரோடு கழித்த நேரத்தின் அளவு அதற்குக் காரணமில்லை. அந்த நேரம் இனிமையாக இருந்ததுதான் காரணம்.

ஆக, பிள்ளைகள் கிளம்பிப் போவது எந்தக் கல்யாணத்தையும் உடைப்பதில்லை. இருபது வருஷமாக உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பதை வெளியே கொண்டுவருகிறது. அன்பும் பேச்சுமாகச் சேர்த்தவர்களுக்கு இரண்டாவது இளமை. பேசாமல் விழுங்கி வைத்தவர்களுக்கு அதற்கான பதில் சொல்லும் காலம். சேர்க்கும் வேலை முதல் நாளில் இருந்து நடப்பதால்தான், முதல் நாளுக்கு முந்தைய வகுப்புக்கு இங்கே வேலை இருக்கிறது.

ஓலை வாசிக்குமுன் ஒரு சான்றிதழ்

தமிழ்நாட்டில் இப்படி ஒரு வகுப்பை வெகுகாலமாக நடத்திவருபவர்கள் கத்தோலிக்கர்கள். கோயிலில் மூன்று முறை ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து, மறுப்பு ஏதும் இல்லையென்றால்தான் கல்யாணம். அதோடு மணமக்கள் திருமணத் தயாரிப்பு வகுப்பில் உட்கார்ந்து எழுந்ததற்குச் சான்றிதழும் பங்குத்தந்தையிடம் கொடுக்க வேண்டும். மறைமாவட்டங்களின் குடும்ப நலப் பணிக்குழுக்கள் இதை நடத்துகின்றன. திருச்சபைச் சட்டத்தின் 1063-ம் விதி, மணமக்களைத் தயார்ப்படுத்துவதைப் பங்குத்தந்தையின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. ஒரு மருத்துவர் உடலைப் பற்றிப் பேசுவார், ஒரு வழக்கறிஞர் சட்டம் சொல்வார், ஒரு குரு திருமணம் என்னும் அருள்சாதனத்தைப் பற்றிப் பேசுவார். வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்திய ஒரு தம்பதி முன்னால் வந்து தங்கள் வீட்டுச் சண்டையையும் சமாதானத்தையும் சொல்வார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அதிகம் பேசப்படுவது கடைசியாகச் சொன்னதாகத்தான் இருக்கும்.

மலேசியாவில் முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய பயிற்சி கட்டாயம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் 1998-ல் சட்டம் போட்டு, நான்கு மணி நேர வகுப்பை முடித்தவர்களுக்குத் திருமண உரிமக் கட்டணத்தில் சலுகை கொடுத்தது. மூன்று நாள் காத்திருப்பையும் நீக்கியது. இந்தியாவில் தேசிய மகளிர் ஆணையம் 2025-ல் திருமணத்துக்கு முந்தைய உரையாடல் மையங்களைத் தொடங்கிவைத்தது. மற்றபடி இங்கே மனநல மருத்துவமனைகள், உளவியலாளர்கள், குடும்ப ஆலோசகர்கள் என்று தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சேவையாகத்தான் இருக்கிறது.

கட்டாயம் என்றால் கடமைக்கு உட்கார்ந்துவிட்டு வருவார்களே என்ற கேள்வி வரும். அமெரிக்காவின் க்ரெய்ட்டன் பல்கலைக்கழகம், கத்தோலிக்கத் திருமணத் தயாரிப்பைப் பற்றி 1995-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. கட்டாயமாக வந்தவர்களும் பயனுள்ளதாக இருந்தது என்றே சொன்னார்கள். உரக்கச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் அதில் இருந்தது: வகுப்பு உதவியது என்று சொல்பவர்கள் கல்யாணமான முதல் ஆண்டுகளில் மிக அதிகம், வருஷம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தார்கள்.

கையில் ஓர் அட்டை

உள்ளே என்னதான் நடக்கிறது? டென்வர் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் மார்க்மன், ஸ்காட் ஸ்டான்லி இருவரும் உருவாக்கிய ‘ப்ரெப்’ பயிற்சி உலகம் முழுக்கப் பரவிய ஒன்று. அதில் ஒரு பயிற்சி. ஒரு சிறிய டைல்ஸ் துண்டையோ அட்டையையோ ஒருவர் கையில் கொடுப்பார்கள். அட்டை யார் கையிலோ அவர்தான் பேசலாம். தன் மனதில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் மனதில் என்ன என்று ஜோசியம் சொல்லக் கூடாது. கேட்பவர் பதில் கொடுக்கக் கூடாது. கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தீர்வு தேடுவது பிற்பாடு.

உதாரணத்துக்கு, நிச்சயம் முடிந்த ஒரு ஜோடி. அட்டை பெண் கையில்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் எங்க அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்புவேன். அதை நெனச்சா எனக்குப் பயமா இருக்கு.”

“உங்க வீட்டுக்கு நீ அனுப்பற பணத்துக்கு நான் கணக்குக் கேக்கக் கூடாதுன்னு சொல்ற.”

“இல்ல. கணக்கு தாராளமா கேளுங்க. நிறுத்துன்னு சொல்லிடுவீங்களோன்னுதான் பயம்.”

“சரி. நான் ஒருநாள் நிறுத்தச் சொல்லிடுவேனோன்னு பயம்.”

“ஆமா.”

முதல் தடவை அவர் புரிந்துகொண்டது தப்பு. அந்தத் தப்பை வைத்துக்கொண்டே அவர் பதில் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் இரண்டு வீட்டுப் பெருமையும் நடுவில் வந்திருக்கும். திருப்பிச் சொல்ல வைத்ததில் தப்பு அங்கேயே பிடிபட்டது.

இதே பயிற்சியை முப்பது வருஷம் தள்ளிப் பாருங்கள். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். பகல் முழுக்க வீட்டில். மூன்றாவது வாரமே அடுப்படி அலமாரியை அடுக்கி, டப்பாவுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிவிட்டார்.

“என்னங்க, நீங்க டப்பாவை மாத்தி வெச்சது எனக்குக் கஷ்டமா இருக்கு.”

“நான் உதவி பண்ணது உனக்குப் பிடிக்கல.”

“உதவி வேண்டாம்னு சொல்லல. இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கற ஒரே இடம் அது. என்னைக் கேக்காம கை வெச்சா, அதுவும் போச்சேன்னு இருக்கு.”

இந்தக் கடைசி வாக்கியம் வெளியே வர, பல வீடுகளில் வழியே இல்லை. ‘ரிட்டையர் ஆனதுல இருந்து இவர் தொல்லை தாங்கல’ என்று மகளிடம் போனில் சொல்லப்படும். மகள் அப்பாவிடம் சொல்வாள். அப்பா இரண்டு நாள் பேசமாட்டார்.

தம்பதிகளை ஆய்வகத்தில் வைத்துப் பல ஆண்டுகள் கவனித்த ஜான் காட்மன், அவர்களுடைய பிணக்குகளில் 69 சதவீதம் தீரவே தீராதவை என்கிறார். சிக்கனம், சுத்தம், உறவுக்காரர்கள், நேரம் தவறாமை என்று சுபாவத்தில் வேர் விட்டவை. கல்யாணத்துக்கு முன் இருப்பதே ஐம்பது வயதிலும் இருக்கும். மாறுவது, அதைப் பற்றி எந்தக் குரலில் பேசிக்கொள்கிறோம் என்பதுதான்.

பலிக்கிறதா?

பலிக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. எல்லாம் பலிக்கும் என்பதற்கு இல்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா, கான்சாஸ், ஆர்கன்சா, டெக்சஸ் மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து ஸ்டான்லி குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திருமணத்துக்கு முன் வகுப்புக்குப் போனவர்களுக்கு விவாகரத்து வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் வகுப்பைத் தேடிப் போகிறவர்கள் முதலிலேயே கல்யாணத்தைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களாக இருக்கலாம். அந்தச் சுபாவமே அவர்களைச் சேர்த்து வைத்திருக்கலாம்.

2003-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இந்த வகுப்புகளை மிகவும் மெச்சியது. 2010-ல் வெளிவராத ஆய்வுகளையும் சேர்த்து மறுபடி எடைபோட்டபோது, மணவாழ்க்கையில் நிறைவு கூடுகிறது என்ற முடிவு ஆட்டம் கண்டது. பேசும் விதம் மேம்படுகிறது என்ற முடிவு நின்றது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளைத்தான் அளந்தவை. 27 வயதில் போன வகுப்பு 52 வயதில் தானாகக் காப்பாற்றும் என்று எந்த ஆலோசகராவது சொன்னால், நம்ப வேண்டாம்.

பிறகு எதற்கு? 2014-ல் அமெரிக்காவில் வில்லியம்சன், பிராட்பரி, கார்னி உள்ளிட்டோர் செய்த ஓர் ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. திருமணத்துக்கு முன் வகுப்புக்குப் போனவர்கள், பிற்பாடு குடும்பத்தில் சிக்கல் வந்தபோது உதவி தேடிப் போவது அதிகமாக இருந்தது. ஒருமுறை அந்தப் படி ஏறியவர்களுக்கு மறுபடி ஏற வெட்கம் இருப்பதில்லை. நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். ‘ஆலோசகரிடம் போனாங்களாம்’ என்றால் ‘அவ்வளவு முத்திப்போச்சா?’ என்று கேட்கிற ஊர் இது. சந்தோஷமாக இருந்த நாளிலேயே, பட்டுப்புடவை எடுக்கப் போன அதே வாரத்தில், ஆலோசகரையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த வார்த்தை உறைக்காது. ஐம்பத்தைந்து வயதில் ‘வா, ஒரு தடவை போய்ப் பேசிட்டு வருவோம்’ என்று சொல்லும் தைரியத்தைத்தான் அந்த முதல் வகுப்பு கொடுக்கிறது.

மணமக்கள் பேச வேண்டியவை

• பிள்ளை எப்போது, எத்தனை? பிறக்காவிட்டால் எதுவரை சிகிச்சை, எப்போது போதும் என்போம்?

• வேலையில் மாற்றல் வந்தால், வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் முடிவு எப்படி எடுப்போம்?

• இரண்டு வீட்டுப் பெற்றோரும் முடியாமல் போனால் யார் வீட்டில் யார் இருப்பார்கள்? செலவு யாருடையது?

• வங்கிக் கணக்கு, கடன், காப்பீடு, நாமினி எல்லாம் இருவருக்கும் தெரியுமா?

• கோபம் வந்தால் நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன்? எத்தனை நாள் பேசாமல் இருப்பது நம் வீட்டில் வழக்கம்?

• பிள்ளை பிறந்த பிறகும் வாரத்தில் எந்த நேரம் நமக்கு மட்டும்?

• பிள்ளையைப் பற்றிப் பேசாமல் நாம் பேசக்கூடியது என்ன?

• பிள்ளைகள் போன பிறகு எந்த ஊரில், எப்படி வாழ ஆசை?

• நம்மால் தீர்க்க முடியாத சண்டை வந்தால் யாரிடம் போவோம்? அவர் பெயரை இப்போதே ஒத்துக்கொள்வோமா?

‘வேண்டாம்னு ஆகிட்டா?’

பார்த்துச் செய்யும் கல்யாணத்தில் இதற்கு முதல் எதிர்ப்பு பெற்றோரிடம் இருந்து வரும். நிச்சயம் முடிந்து பத்திரிகை அடித்தாயிற்று. இப்போது போய் எதையாவது கிளறி, வேண்டாம் என்று ஆகிவிட்டால்? பெண் வீட்டாருக்குத்தான் இந்தப் பயம் அதிகம். நின்றுபோன கல்யாணத்தின் பேச்சைச் சுமப்பது பெண்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் நிச்சயத்துக்கு முன்பே, இரண்டு வீட்டுக்கும் மனசு ஒத்துப்போன அந்தச் சில வாரங்களில் வைத்துக்கொள்வது நல்லது. பத்திரிகை அடிப்பதற்குள் தெரிந்துகொள்ளும் உண்மைக்கு விலை குறைவு. இருவரும் சேர்ந்து போக வேண்டும், இருவருக்கும் தனித்தனியாகவும் நேரம் கொடுக்க வேண்டும். பெற்றோர் வாசல் வரை வரலாம், அறைக்குள் வரக் கூடாது. ஒரு நாள் முழுக்கப் பிரசங்கம் கேட்பதைவிட, வாரம் ஒருமுறை எனச் சில அமர்வுகள் பேசுவது மேல். க்ரெய்ட்டன் ஆய்வில் எட்டு, ஒன்பது அமர்வுகள் போனவர்களே அதிகப் பயன் கண்டார்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நீடிப்பது மட்டுமே ஒரு திருமணத்தின் சிறப்பு ஆகாது. அடி, உதை, மிரட்டல், குடித்துவிட்டு நாசம் செய்வது போன்றவற்றுக்குப் ‘பேசித் தீர்ப்பது’ மருந்தில்லை. அதற்கு 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. நல்ல ஆலோசகர், ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று தெரிந்தால் அதைத்தான் முதலில் கவனிப்பார். அனுசரித்துப் போகச் சொல்லமாட்டார்.

இரண்டாவது தாலிக்கு முன்

மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் திருக்கடையூருக்கு எந்த நாள் போனாலும் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகளைப் பார்க்கலாம். மார்க்கண்டேயனுக்காக எமனைச் சிவன் உதைத்த தலம் என்பதால் ஆயுள் வேண்டி அங்கே மணிவிழா நடத்துகிறார்கள். அறுபது முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். மனைவிக்கு மறுபடி தாலி கட்டுகிறார் கணவர். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் டிக்கெட் போட்டு வந்து நிற்கிறார்கள்.

பிள்ளைகள் வெளியே போய், அரசு ஊழியர் என்றால் 60 வயதில் ஓய்வும் பெற்று, இரண்டு பேர் வாழ்க்கை தொடங்கும் அதே நேரத்தில் ஒரு மறுமணத்தை நம் மரபு வைத்திருக்கிறது. பாரதிதாசனும் தம் ‘குடும்ப விளக்கு’ நூலை இளம் தம்பதியோடு முடிக்காமல், ‘முதியோர் காதல்’ என்று ஐந்தாம் பகுதி எழுதினார். சடங்கும் இலக்கியமும் இருக்கின்றன. இடையில் இல்லாதது இருவரும் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரம்தான். க்ரெய்ட்டன் ஆய்வு காட்டியபடி முதல் வகுப்பின் பலன் வருஷத்தோடு தேய்கிறது என்றால், அதைப் புதுப்பிக்க ஒரு தேதி வேண்டும். மறுதாலி கட்டுவதற்கு முந்தைய மாதத்தைவிட நல்ல தேதி கிடைக்குமா?

அந்தப் பேச்சில் காதலைவிடக் காரியங்களே முதலில் வரும். பென்ஷன் எவ்வளவு, வீடு யார் பெயரில், பாஸ்புக் எங்கே, மெடிக்ளெய்ம் அட்டை எங்கே. அமெரிக்கப் பயணங்களுக்கு ஒரு வரம்பு: இருவரும் சேர்ந்து போவதா, ஒருவர் போனால் எத்தனை மாதம். அடுப்படி யாருடையது, டிவி ரிமோட் யாருடையது. யாருக்காவது பக்கவாதமோ மறதி நோயோ வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதா, பிள்ளை வீட்டுக்குப் போவதா. இவற்றையெல்லாம் பேசி முடித்தால், இத்தனை நாள் கேட்காமலேயே விட்ட வேறு விஷயங்கள் தாமாக வந்து நிற்கும்.

ஆலோசகரை எங்கே தேடுவது என்று தயங்குபவர்கள், அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ல் தொடங்கலாம். மன அழுத்தத்துக்கு எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் கேட்டுப் பார்க்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

வீட்டில் இப்போது மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்த்துக்கொண்டிருந்தால், செலவுப் பட்டியலில் மண்டபம், நகை, சமையலோடு ஆலோசனைக் கட்டணத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மணமக்களுக்கு நேரம் வாங்கும்போது, அதே ஆலோசகரிடம் உங்கள் இருவருக்கும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் குடித்தனம் தொடங்கும் அன்றைக்குத்தான் உங்களுடைய இரண்டு பேர் குடித்தனமும் தொடங்குகிறது.